ராமாமணி சிரித்தால் கொட்டகை சிரிக்கும்

1958 பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கும் ஓசி பாஸ். நாடகக் கம்பெனி உப்பிலிபாளையத்தில் கொட்டகை போட்டு ஐந்து வாரம் ஆகிறது. முதல் ஞாயிறு மட்டும்தான் காசு கொடுத்துப் போனேன். அன்றைக்குக் கம்பெனியின் காமிக் நடிகர் ஆரோக்கியதாஸ் குடிகாரன் வேஷத்தில் வந்து சொந்த வீட்டுக் கதவைத் தட்டி, திறந்த பெண்டாட்டியிடம், "இந்த ஊட்டுக்காரன் எப்ப வருவானுங்க?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கே விக்கல் வந்துவிட்டது. கம்பெனி ஓனர் லட்சுமணசாமி என்னைத் தேடி வந்தார். "அம்மணி, நீங்க சிரிச்சா பின்னாடி ஆறு வரிசை சேர்ந்து சிரிக்குதுங்க. இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு முன் பெஞ்சு உங்களுதுதான்" என்றார்.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சிரிக்கறதுக்கெல்லாம் ஆள் வெக்கறானாக்கும்?"

"உங்களைக் கட்டிட்டு இருபத்தஞ்சு வருசமாச் சிரிச்சுட்டுத்தானுங்க இருக்கேன். நீங்க ஒரு பெஞ்சாச்சும் குடுத்தீங்களா?" என்றேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

இன்றைக்கு ஆட்டத்தில் தாஸின் இடது கால் செருப்பு கழன்று மேடையிலேயே கிடந்தது. அவர் அது தெரியாமல் நடந்து போனார். நல்ல சிரிப்பு. ஆனால் போன வாரம் அப்படி வரவில்லையே? புதிதாகச் சேர்த்தாரோ?

பிப்ரவரி 3, திங்கள்

மில்லில் நாங்கள் நூல் சுற்றும் வைண்டிங் பக்கம் பூராவும் தாஸ் பேச்சுதான். பக்கத்து மிஷின் ராசாத்தாள் ஒற்றைச் செருப்போடு அவரைப் போல நடந்து காட்டினாள். மேஸ்திரி அவளை விட்டுவிட்டு என்னைத்தான் திட்டினான். என் சிரிப்பு அப்படி.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்னவோ சரியில்லை.

"நான் நேராத்தான் நிக்கறேன், தெருதான் கோணல்" என்பது தாஸ் பேச வேண்டியது. கொட்டகையில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். "நான் நேராத்தான் நிக்கறேன்" என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். கையால் காதைத் தடவினார். எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் படுதாவுக்குப் பின்னால் இருந்தவர் வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் தாஸ் சோடாக் கடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். கிட்டத்தில் பார்த்தால் சின்ன வயசுதான், நாற்பது இருக்காது.

"அக்கா, இன்னைக்கு என்னைக் காப்பாத்திட்டீங்க. இனிமே நான் காதைத் தொட்டா சிரிச்சுப்போடுங்க. மறந்துட்டேன்னு ஓனருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க, என்ற வேஷத்துக்கு ஈரோட்டுக்காரன் ஒருத்தன் காத்துட்டிருக்கான்."

"நெசமாவே ஊத்திட்டு வர்றீங்களாக்கும்? மதுவிலக்கு நாடகத்துல நடிச்சுட்டு?" என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

குடிதான். வேறென்ன. பாவம், ஒரு சிரிப்புத்தானே. சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டு தடவை காதைத் தொட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஐந்து தடவை. என் தொண்டை கட்டிவிட்டது. ஓனருக்கு ஒரே சந்தோசம். "தாஸ் புதுசா ஒரு சேட்டை கண்டுபுடிச்சிருக்கான் பாத்தீங்களா அம்மணி? காதைத் தொட்டாலே ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது" என்றார்.

பக்கத்தில் போனபோது மோந்து பார்த்தேன். பவுடர் வாசமும் வேர்வையும்தான். சாராய வாசம் இல்லை.

மார்ச் 6, வியாழன்

காலை ஷிப்ட் விட்டு வரும்போது மில் கேட்டில் ஒரு பெண் நின்றாள். தலையில் முக்காடு, கழுத்தில் சிலுவை. தாஸின் மனைவி சூசைமேரியாம். புலியகுளத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"நீங்கதானுங்களா சிரிக்கற அக்கா?"

"ஆமா கண்ணு, மாசம் பொறந்தா பட்டம் குடுக்கறாங்களாம்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் குடிப்பதே இல்லையாம். ஒரு சொட்டு தொட்டதில்லையாம். தலைக்குள் ஏதோ கட்டி இருக்கலாம், உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் பொங்கலுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாராம். போனால் வேஷம் போய்விடும் என்று இவர் மறைக்கிறாராம். இடது கை மரத்துப்போய், அடுப்பில் சுட்டது கூடத் தெரியவில்லையாம்.

"ஓனர் நல்ல மனுசனுங்க்கா. சீக்குன்னு தெரிஞ்சா அவரே வண்டி வெச்சு அனுப்பிருவாரு. நான் போய்ச் சொன்னா ‘உன்ற மூஞ்சில முழிக்க மாட்டேன்’னு இவர் சத்தியம் பண்ணீட்டாரு. நீங்க ஒரே ஒரு நாளைக்குச் சிரிக்காம இருங்க. அவர் மறந்து நிக்கறது ஓனருக்குத் தெரியட்டும். மறுநாளே கூட்டிட்டுப் போயிருவேனுங்க்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சிரிக்க மாட்டேன் கண்ணு என்று சொன்னேன்.

மார்ச் 8, சனி

அவரிடம் சிரிக்கிறேன் என்று சொன்னேன். இவளிடம் சிரிக்க மாட்டேன் என்று சொன்னேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் முறைக்கிற மனுசன், "பொம்பளை சொன்னதையே கேளு. வேசம் போனா வேற வேசம் வரும்" என்றார். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக அவரைக் கேலி பண்ணத் தோன்றவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சீனிலேயே காதைத் தொட்டார். நான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். மறுபடியும் தொட்டார். நான் குனிந்துகொண்டேன்.

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஆரம்பிக்கவே இல்லை! அவர்களுக்குப் பழகிவிட்டது. காதைத் தொட்டால் சிரிக்க வேண்டும் என்று பழக்கினது நான்தானே. ராசாத்தாள் என் முதுகில் தட்டி, "ஏனக்கா, பல்லு வலியா? நீ சும்மா இரு, நான் சிரிச்சுக்கறேன்" என்கிறாள்.

அப்புறம் இடது முட்டி மடங்கியது. தோள் சாய்ந்தது. கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள, குப்புற விழுந்தார். கொட்டகை அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். ஒருத்தன் துண்டை வீசினான். அவர் முகம் என் பக்கம்தான் இருந்தது. கண் திறந்திருந்தது. வாயோரம் நுரை.

எத்தனை நேரமோ. படுதாவை இறக்கும் வரைக்கும் சிரித்தார்கள். நானும் முந்தானையைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சிரிக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்? கத்த மாட்டேன்னு சொல்லலியே. எழுந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, பாவி!

மார்ச் 10, திங்கள்

ஓனர் வாடகைக் கார் வைத்து, அவரையும் சூசைமேரியையும் வேலூருக்கு அனுப்பிவிட்டார்.

மார்ச் 27, வியாழன்

தாஸ் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை விடிகாலையிலாம். தலையைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு மாசம் முந்தி வந்திருந்தால் என்று சொன்னார்களாம்.

அவர் காதைத் தொட, நான் சிரிக்க ஆரம்பித்து ஒன்றரை மாசம்.

ஏப்ரல் 2, புதன்

புலியகுளம் போனேன். சூசைமேரி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காபி கொடுத்தாள். "உங்களைக் கேட்டாருங்க்கா. ‘அக்காளுக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லையா’ன்னு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கம்பெனி பொள்ளாச்சி எல்லாம் முடித்துத் திரும்பி வந்திருக்கிறது. பாஸ் வந்தது. வேண்டாம் என்றேன். "அவர் படத்துக்கு மாலையாச்சும் போட்டுட்டு வரலாம் வாக்கா" என்று ராசாத்தாள் இழுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் படம் வைத்து ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். எவ்வளவு கூட்டம்! மில் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்கள். ஒருத்தர் செருப்பைச் சொன்னார். ஒருத்தர் காதைச் சொன்னார். "அந்தக் கடைசி ஞாயிறு சிரிச்ச மாதிரி என்ற ஆயுசுல சிரிச்சதில்லீங்க. கடைசி வரைக்கும் நம்மளைச் சிரிக்க வெச்சுட்டுப் போயிட்டாரு மவராசன்" என்று ஒரு பெரியவர் அழுதார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

குடிகாரன் வேஷத்தில் ஈரோட்டுக்காரர். குறை சொல்ல முடியாது. காதைத் தொட்டார், சிரித்தார்கள். பிறகு நடுமேடைக்கு வந்தார். இடது முட்டி மடங்கியது. தோள் சாய்ந்தது. கை அடியில் மாட்ட, குப்புற விழுந்தார். முகம் முன் பெஞ்சுப் பக்கம். கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

நாடகத்தில் முதலில் இல்லாத காட்சி அது. ஜனம் கேட்கிறதென்று சேர்த்துவிட்டார்களாம்.

கொட்டகை அதிர்ந்தது. ராசாத்தாள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். இது நடிப்பு, இந்த ஆளுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து நின்றுவிட்டேன்.

"தூக்குங்கடா அவரை! யாராச்சும் தூக்குங்கடா!" என்று கத்தினேன்.

அதற்கும் சிரித்தார்கள்.