விடுமுறைப் பட்டியலில் ஏழாவது புத்தகம்

டிசம்பர் 3

என் வாலுத் தங்கைக்கு,

முதலில் சண்டை, பிறகு சேதி. புத்தகம் எழுதுவதாக என்னிடம் மூச்சுகூட விடவில்லையே நீ. பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரிகிறது. ‘முயல் அறை’ என்று தலைப்பு, அட்டையில் நீல முயல், அதற்குக் கீழே உன் பெயர். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். ஊசிக்குக் கை நீட்டியவர்களையும் விடவில்லை.

எங்கள் குடியிருப்பு வாசகர் வட்டத்தில், ஆண்டு விடுமுறைக்கு முன்னால் ஆளுக்கொரு புத்தகத்தைப் பரிந்துரைத்து மூன்று வரி எழுதித் தர வேண்டும். செயலாளர் என்ற முறையில் நான் பட்டியல் போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவேன். படிக்காத புத்தகத்தைச் சொல்லக் கூடாது என்பது சட்டம், போட்டவளும் நான்தான். போன வருடம் பல் டாக்டர் பாதியில் விட்ட நாவலைச் சொல்லி மாட்டிக்கொண்டார். மனுஷரை வறுத்தெடுத்துவிட்டேன்.

இந்த முறை ஏழாவது இடத்தில் உன் புத்தகம். பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துப் பூரித்துப் போ. வட்டத்துக்காகப் பன்னிரண்டு பிரதிகளும் வரவழைத்தாயிற்று.

உன் அக்கா


டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டியல் கிடைத்தது. நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன்: ‘ஒரு குட்டி முயலின் குறும்புகள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசித்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம். விடுமுறைக்கென்றே எழுதிய புத்தகம்.’

நீ அதைத் திறக்கவே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பிரிவில் ஒவ்வோர் அறைச் சுவரிலும் ஒரு மிருகம் வரைந்திருந்தார்கள். எங்கள் அறையில் முயல். என் சின்னவன் பதினொரு நாள் அதைப் பார்த்தபடியே படுத்திருந்தான். கடைசியாகப் பார்த்ததும் அதைத்தான். புத்தகம் அந்தப் பதினொரு நாளைப் பற்றியது. அந்த அறைக்கு ஒரே ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தவர்களுக்குக்கூட அட்டையைக் கண்டதும் விளங்கிவிடும்.

ஆறு வருடமாக இதைப் பற்றி நாம் பேசியதில்லை. இப்போதும் பேச வேண்டாம். பட்டியலைக் கிழித்துவிடு. யாராவது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிடப் போகிறார்கள்.

தங்கை


டிசம்பர் 22

தங்கைக்கு,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதம் வருவதற்குள் மூன்றாம் மாடி டீச்சர் தன் இரண்டு பெண்களுக்கும் வாசிக்கத் தொடங்கி, நாலாம் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள். பட்டியலைக் கிழித்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று, நான் படிக்காமல் எழுதினேன் என்று சொன்னேன். பல் டாக்டர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குக் கேலியே தேவலாம்.

பிறகு டீச்சர் சொன்னாள்: “விடுங்கக்கா. கடைசி நாலு நாளும் பக்கத்துலயே இருந்து பாத்தவங்களுக்கு அதைத் திரும்பப் படிக்க மனசு வருமா? உங்களப் பத்தி எழுதியிருக்கிற எடத்துல நான் அழுதுட்டேன்.” தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டாம் நாளைத் தேடி எடுத்தேன். ‘அக்கா வந்தாள். சின்னவனின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.’

நான் வரவே இல்லையே. வேலையிடத்தில் தணிக்கை என்று உன்னிடம் சொன்னேன். தணிக்கை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. நீ போனில் வாசித்துக் காட்டிய ரத்த எண்களைக் கேட்டதுமே அவன் பிழைக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேலையே அதுதானே. “ஒண்ணுமில்லடி, சரியாயிடும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைச் சொன்ன வாயோடு உன் எதிரில் வந்து நிற்கப் பயந்து ஒளிந்துகொண்டேன்.

என் மானத்தைக் காப்பாற்றவா அப்படி எழுதினாய்? கழுவிக் கழுவி ஊற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. வட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. எனக்கு அதில் இருக்கத் தகுதியில்லை.

அக்கா


ஜனவரி 4

அக்காவுக்கு,

வட்டத்தில் என்ன சொல்வதென்பது உன் பாடு. அந்தப் பக்கத்தை எடுக்க மாட்டேன்.

அதை உனக்காக எழுதவில்லை. ஏழாம் நாள் வரை நடந்ததை நடந்தபடியே எழுதிக்கொண்டு வந்தேன். எட்டாம் நாள் அந்த அறையில் அவனும் நானும் மட்டும்தான். நாலு மாதம் அந்த நாளைத் தாண்ட முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். ஒருநாள் ‘அக்கா வந்தாள்’ என்று எழுதிப் பார்த்தேன். அதன் பிறகுதான் அவனைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடிந்தது.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்கவில்லை. தீரவில்லை. அந்த எண்கள் உனக்குப் புரிந்தன என்று இப்போது சொல்கிறாய். எனக்கும் புரிந்துதான் இருந்தது, அக்கா. நீ சரியாகிவிடும் என்று சொன்னதை வைத்துக்கொண்டு உன்னை நான் எடைபோடவே இல்லை. கூட உட்கார ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வா என்று எழுத மாட்டேன். அந்தப் பதினொரு நாளில் ஒன்பது தடவை கூப்பிட்டாயிற்று. நீயாக வந்தால் கதவைத் திறப்பேன்.

தங்கை