நாற்பத்தேழாம் பக்கம்

அரசு அச்சகம், இரண்டாம் மாடி
புதன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

என் அன்பு மனைவிக்கு,

பட்ஜெட் அச்சாகிற இடத்தில் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும் உன் கணவன் எழுதுவது. நான் சுகம். நீயும் மகளும் சுகம்தானே? இங்கே கடிதம் எழுதத் தடையில்லை. ஆனால் உறையை ஒட்டி, வாசலில் உள்ள தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நிதியமைச்சர் வாசித்து முடித்த பிறகு பெட்டியைத் திறந்து, அச்சக வண்டியிலேயே வீடு வீடாகக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் மிச்சமுள்ள புத்தகங்களையும் அடித்து முடித்து ஞாயிறுதான் வெளியே வருவோம்.

சாப்பாடு பரவாயில்லை. இருபத்தாறு பேருக்கு இரண்டு குளியலறை. காலையில் அதற்கு நடக்கும் சண்டையைப் பார்த்தால், இவர்களா ஒரு மாநிலத்தின் ரகசியத்தைக் காப்பாற்றப் போகிறார்கள் என்று உனக்குச் சிரிப்பு வரும். நானும் சண்டை போட்டேன், சோப்புக்காக.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், நான் புரூஃபில் பிழை பார்ப்பேன். இந்த முறை எனக்கு வாசிப்பவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார் என்று சொல்வேனே, அந்த அக்கா. கமா, முற்றுப்புள்ளி எதையும் விடமாட்டார். இன்று காலை வாடகை வேன்களுக்கு வரி ஏறுகிற பக்கம் வந்தது. அவர் வீட்டுக்காரர் பிழைப்பே மூன்று வாடகை வேன்தான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குரல் இம்மியும் மாறவில்லை. கமா, புள்ளி சகிதம் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத் தேநீர் குடித்தார், சர்க்கரை போதவில்லை என்று குறை வேறு சொன்னார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் முறை வந்தது. நாற்பத்தேழாம் பக்கம். பட்டறைகளில் தைக்கும் குடைகளுக்கு இனி வரி கிடையாது! துணிக்கு ஒரு வரி, கம்பிக்கு ஒரு வரி, தைத்து முடித்த குடைக்கு இன்னொரு வரி என்று உன் அண்ணன் பதினைந்து வருஷமாகப் புலம்புகிறாரே, அதை அப்படியே எழுதிவிட்டு, அதனால்தான் வரியை எடுக்கிறோம் என்று போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு அதிகாரி எங்கோ ஒரு குடைப் பட்டறைக்குள் போய் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். அது மட்டுமா, ஆளைக் குறைக்காத சின்னப் பட்டறைகளுக்கு ஓராண்டு வரை கூலியில் பாதியை அரசே கொடுக்கும். மச்சானும் அவரிடம் தைக்கிற பதினொரு பேரும் பிழைத்தார்கள் என்று மனசு துள்ளியது. அடுத்த வரியை அக்கா வாசித்தார். பட்ஜெட் வாசிக்கும் நாளில் நடந்துகொண்டிருக்கும் பட்டறைகளுக்கு மட்டும்தான் அந்தக் கூலி உதவி.

வாசிப்பது வெள்ளி. மச்சான் தையல் மெஷின்களை விற்றுப் பட்டறையை மூடப்போவது வியாழன், லாரி வருவது சாயங்காலம் நாலு மணிக்கு.

பேனா நின்றுவிட்டது. அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கத்தை நம்ம வீட்டுக்குன்னு அடிக்கலை. கமாவைப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஒன்று விட்டுப்போய்த்தான் இருந்தது.

நான் உள்ளே வருவதற்கு முந்தின நாள், நல்லதாக ஏதாவது வருமா என்று அண்ணனுக்காக நீ கேட்டாய். எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அப்போது நிஜமாகவே தெரியாது, ஆனாலும் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். உன் அண்ணனோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுவந்து விட்டவர் வழி முழுக்க டயரில் காற்று நிற்காததையே பேசினார். இறக்கிவிட்டு, கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை என்றார், அவ்வளவுதான். தனக்குக் கழுத்தை நெரிக்கிற கவலை இருக்கும்போது என்னைத் தர்மசங்கடத்தில் விடக்கூடாது என்று நினைத்த மனுஷன். இன்னொருவராக இருந்தால் பிய்த்து எடுத்திருப்பார்.

வியாழன், சாயங்காலம் நாலே கால்

இன்று காலை நான் போன் செய்தேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். அவசரம் என்றால் காவலர் பக்கத்தில் நின்று கேட்க, இரண்டு நிமிஷம் பேச விடுவார்கள். மாத்திரையை எங்கே வைத்தாய் என்று உன்னிடம் கேட்டேனே, பொய். மாத்திரை என் சட்டைப் பையிலேயே இருந்தது. லாரியை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல் என்று சொல்லத்தான் வந்தேன். வரிசையில் நின்றபடி அதையே மனப்பாடம் செய்தேன். அண்ணன் விடியற்காலையிலிருந்து எல்லா மெஷினுக்கும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார், வாங்குகிறவர் நாளைக்குக் குறை சொல்லக்கூடாதாம் என்று நீ சொன்னாய். இப்படிப்பட்டவருக்குத் திருட்டுச் சேதியையா கொடுப்பது? மற்ற குடைக்காரர்களுக்கெல்லாம் அச்சகத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறானா? இதெல்லாம் நேர்மையா, வேலை போய்விடும் என்ற பயமா, சத்தியமாக எனக்கே தெரியவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். லாரி என்றைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். எதுவும் கேட்காமலே அக்கா தன் பங்கு பிஸ்கட்டையும் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், தட்டாதே. மெஷின்கள் இன்னும் பட்டறையில் இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அவர் பேப்பரில் படித்துச் சந்தோஷப்படட்டும், வேறெதுவும் தெரிய வேண்டாம். போய்விட்டிருந்தால் இதை அவர் கையிலேயே கொடு. ஞாயிறு வெளியே வந்ததும் நேரே அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவேன். எனக்காக நீ ஒரு வார்த்தையும் பேசாதே, உன் அண்ணன் பக்கத்திலேயே நில்லு.

அவர் கை எப்போதும் தொழில் செய்கிற கையாக இருக்க வேண்டும், நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் கணவன்