எங்கள் வீட்டில் எத்தனை பேர்

மார்ச் 3, திங்கள்

எனக்கு ஜூரி சம்மன் வந்திருக்கிறது. யாரெல்லாம் விலக்குக் கேட்கலாம் என்று ஒரு பட்டியல்: எழுபது வயது தாண்டியவர், நோயாளி, கைக்குழந்தைக்காரி. கூச்சப்படுகிறவர் அதில் இல்லை.

"புது வேலைன்னு எழுதிப் போடேன், விட்டுருவாங்க," என்றாள் அம்மா. அதுவும் பட்டியலில் இல்லை.

அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செம்புக் கம்பி திருடிப் பதினெட்டு மாதம் சிறையில் இருந்தவர். அவரை இந்த மாநிலத்தில் ஜூரியில் உட்கார விடமாட்டார்கள். "நம்ம குடும்பத்துல ஒருத்தரைக் கோர்ட்டுல நல்ல பக்கமா உக்காரச் சொல்றான்," என்றார்.

மார்ச் 5

சம்மனோடு வந்த படிவத்தில் பதினோராவது கேள்வி: உங்கள் வீட்டில் வசிக்கும் எவரேனும் குற்றத் தண்டனை பெற்றவரா?

அம்மாவோடு விவாகரத்தான பிறகு ஒன்பது வருடமாக அப்பா கொல்லையில் நிற்கும் டிரெய்லர் வண்டி வீட்டில்தான் இருக்கிறார்.

"இல்லைன்னு போடு கண்ணு. நான் உங்க வீட்டுலயா இருக்கேன்? வீட்டுக்குப் பின்னால இருக்கேன்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "கரண்ட் மட்டும் என் சமையலறையிலேர்ந்து போகுது," என்றாள்.

'இல்லை' என்று குறித்தேன். பொய்யில்லை. பொய்யா?

மார்ச் 24, திங்கள்

டாரல் ப்ரூயிட், இருபத்திரண்டு வயது. மூடிய சுரங்கத்திலிருந்து செம்புக் கம்பி திருடியதாக வழக்கு. அப்பா திருடியதும் செம்புதான்.

"வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு கேஸ் உண்டா?" என்று அரசு வக்கீல் எல்லோரையும் பொதுவாகக் கேட்டார். இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். அவர்களை அனுப்பிவிட்டார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

நான் ஏழாம் எண் ஜூரர்.

மார்ச் 25

யாராவது எதையாவது மறைத்தது பின்னால் தெரிந்தால் தீர்ப்பே செல்லாது, முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கும் என்றார் நீதிபதி. அந்தப் பையனுக்கு ஜாமீனும் இல்லை. மறுபடி எத்தனை மாதம் உள்ளே கிடப்பான் — என்னால்? அவன் அம்மா இரண்டாம் வரிசையில். நேற்றுப் போட்ட அதே பச்சைக் கோட்டு.

மார்ச் 26

அப்பாவைப் பற்றி நான்கு வரி எழுதி, நீதிமன்றக் காவலரிடம் நீட்டினேன்.

"பாத்ரூம் போறதுக்கெல்லாம் லெட்டர் வேண்டாம்மா. கையைத் தூக்கினா போதும்."

"அதுதான் வரலை சார்."

நீதிபதியின் அறை. இரண்டு வக்கீல்கள், டாரல், நான்.

"அப்பா எங்க தூங்கறார்?" என்று கேட்டார் நீதிபதி.

"டிரெய்லர்ல, மேடம்."

"சாப்பாடு?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். டாரல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்ககூட. தினமும்."

"அப்ப அது ஒரே வீடுதான்மா." திட்டவில்லை. "நல்லவேளை, தீர்ப்புக்கு முன்னாடியே சொன்னியே."

என் நாற்காலியில் மாற்று ஜூரர் உட்கார்ந்தார். வழக்கு கலையவில்லை. ஆனால் டாரலின் வக்கீல், கையில் இருந்த ஒரு ஓட்டு நழுவியதைப் போல என்னைப் பார்த்தார்.

மார்ச் 27

ஊருக்கே தெரிந்துவிட்டது. கடையில் கல்லாவில் நிற்கும் நோர்மா, "நாலு வருஷம் காலேஜ் போயும் ஒரு ஃபாரம் நிரப்ப வரலையாடி?" என்றாள். சிரித்துவைத்தேன்.

அப்பா சாப்பிட வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

டாரல் குற்றவாளி. பன்னிரண்டு பேரும் ஒருமனதாக. நான் இருந்திருந்தால்? தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

இன்றும் அப்பா வரவில்லை. பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு நானே போனேன். டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஜட்ஜம்மா என்ன கேட்டாங்க?"

"நீங்க எங்க சாப்பிடறீங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்ககூடன்னு."

ஒரு வாய் சாப்பிட்டார். வெகுநேரம் மென்றார்.

"உப்பு பத்தலை," என்று எழுந்து, கிண்ணத்தோடு சமையலறையைப் பார்த்து நடந்தார்.