மலையைப் பார்க்கும் வீடு

2025 மே 11, ஞாயிறு

குரங்கு வந்து கூரையில் ஓடுகளை உடைத்துவிட்டுப் போயிருக்கிறது. றிகாஸிடம் சொன்னால் "நாளைக்குப் பாக்குறேன் உம்மா" என்கிறான். அவன் குளத்தில் கட்டும் வீடுகளுக்கு மட்டும் நாளை என்பது கிடையாது. அவற்றுக்கு எல்லாம் இன்றைக்கே வேண்டும்.

தண்ணீரில் மிதக்கிற வீடுகள், வெளியூர்க்காரர் காசு கொடுத்து வந்து தங்க. காசு கொழும்பு மக்கீன் ஹாஜியாருடையது. வேலை என் மகனுடையது. ஊரில் இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான், இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

ஆனால் இன்று மருமகள் நஸ்மியா ஹாஜியாரின் கம்பனி விளம்பரத்தை போனில் வாசித்துக் காட்டினாள். "மனிதர் காலடி படாத அமைதியான குளம்" என்று போட்டிருக்கிறார்கள்.

காலடி படாததா? கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த மறுநாளிலிருந்து என் கால் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. மாமியார் வீட்டு உடுப்பு முழுக்க அங்கேதான் அடித்துத் துவைத்தேன். அப்போது என் கால் என்ன, வாத்தின் காலா?

நஸ்மியா சிரிக்கிறாள். மாத்தளை டவுனில் வளர்ந்த பிள்ளை. "குளத்துல எல்லாரும் ஒன்னா குளிக்கிறது எனக்கு ஏலா மாமி" என்று வந்த நாளே சொன்னவள். அவளுக்கு இது சிரிப்பு.

மே 14, புதன்

முனவ்வரா வந்தாள். பக்கத்து வீடு. எதையும் நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துத்தான் கேட்பாள்.

"ராத்தா, அந்த வீடுகள்ட முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாமே?"

"கண்ணாடி மலைப் பக்கம்" என்றேன்.

இதை நான் தை மாதமே சொல்லியாயிற்று. அப்போது பெண்கள் எல்லாரும் என் வீட்டு முற்றத்தில் கூடி, பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முறையிடப் போகிறோம் என்று நின்றார்கள். எங்கள் குளத்தில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கிழக்குத் துறை பெண்கள் குளிப்பதற்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் குளக்கட்டில் வரும் ஆண் மருத மரத்தடியில் நின்று சைக்கிள் மணி அடிப்பான். நாங்கள் "போங்க" என்று குரல் கொடுத்தால் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு கடப்பான். சிங்களவர்களும் அப்படித்தான், எங்கள் ஆட்களும் அப்படித்தான். என் அவர் பலீல் மவுத்தாகும் வரை அந்த இடத்தில் மணி அடிக்காமல் கடந்ததில்லை.

றிகாஸ் அன்று என்னிடம் வாக்குக் கொடுத்தான், கண்ணாடி மலையைத்தான் பார்க்கும் என்று. அந்த வாக்கை நான் பெண்களிடம் கொடுத்தேன். "என்ட மகன் சொன்னா சொன்னதுதான்" என்றேன். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். முறைப்பாடு அத்தோடு நின்றது.

இன்று முனவ்வராவின் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. என் சொல்லை ஒருவர் இரண்டாம் தரம் கேட்பது எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று. றிகாஸ் இப்போதெல்லாம் மருத மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோன் அடிப்பதில்லை. அப்படியே போகிறான். கம்பனி வேலையாம், அவசரமாம்.

மே 22, வியாழன்

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு றிகாஸ் என்னை போட்டில் ஏற்றி அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனான். விருந்தாளிகள் வருவதற்கு முன் உம்மாவின் கால்தான் முதலில் படவேண்டும் என்றான். நான் பெருநாள் சாரியைக் கட்டிக்கொண்டு போனேன்.

வீடா அது? கட்டில் ஒரு கலியாணப் பந்தல் அளவு. குளிக்கும் அறையில் வெள்ளைத் தொட்டி, சுற்றி இத்தனை தண்ணீர் இருக்கும்போது உள்ளே ஒரு தொட்டித் தண்ணீர். குசினியில் ஒரு சட்டி கிடையாது, ஐஸ்பெட்டி மட்டும் இரண்டு. கழிவெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். கீழே தாங்கி இருக்கிறதாம், குளத்துக்குப் போகாதாம். சரி.

முன்பக்கம் நிலத்திலிருந்து முகடு வரை கண்ணாடி. அதில் மலை தெரிந்தது. உண்மையாகவே தெரிந்தது. காற்று ஓய்ந்து, தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. றிகாஸ் சொன்னது சரிதான் என்று மனது நிறைந்துபோயிற்று.

முகட்டில் தொழும் திசையான மேற்கைக் காட்ட ஒரு பச்சை அம்பு ஒட்டியிருந்தான். கிப்லா. அரபு நாட்டு ஆட்கள் வந்தால் கேட்பார்களாம். காசுக்காரர் வீட்டிலும் என் பிள்ளை தொழுகையை மறக்கவில்லை என்று எனக்குக் கண் கலங்கியது.

அவன் வேலையாட்களைப் பார்க்க அடுத்த வீட்டுக்குப் போனான். நான் கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது. எழும்பும்போது அஸர் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவசரமாகக் கை கால் கழுவி வுளூ செய்து, முஸல்லாப் பாயை விரித்து அம்பு காட்டிய பக்கம் நின்று தொழுதேன்.

தொழுகை முடிவில் வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் கொடுத்தேன். சூரியன் முகத்தில் அடித்தது. அஸர் நேரத்துச் சூரியன் எனக்கு நேரே முன்னால் அல்லவா இருக்க வேண்டும்?

இடப்பக்கம் ஸலாம் கொடுத்தேன். கண்ணாடிக்குள் முனவ்வரா நின்றாள்.

நெஞ்சளவு சீத்தைத் துணியைக் கட்டிக்கொண்டு, தலையில் சவர்க்காரம் தேய்த்தபடி, துறைக் கல்லில். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். கை நீட்டினால் தொடலாம் போல.

மலை எங்கே? மலை சுவருக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது. மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியிருக்கிறது. வீடு கயிற்றில் கட்டிய ஆடு போலச் சுற்றி வந்து பெண்கள் துறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. என் கிப்லாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அஸரைத் திரும்பத் தொழுதேன்.

மே 24, சனி

நேற்று முழுக்க அவன் வீட்டுக்கு வரவில்லை. இன்று சோற்றுத் தட்டின் முன் பிடித்தேன்.

"காத்துக் காலம் கொஞ்ச நாள்தானே உம்மா" என்கிறான்.

"அந்தக் கொஞ்ச நாளும் பொம்பளைகள் அழுக்கோட ஈக்கணுமா?"

"வீட்டுல குழாய் ஈக்குதே."

"குழாய்ல தண்ணி வாற நாள் எதுண்டு கேட்டு எனக்கும் சொல்லு."

அவனுக்கு முன்பே தெரியும். அதுதான் என்னைச் சுடுகிறது. வீட்டை நிறுத்தியது பங்குனியில், காற்று இல்லாத காலம். வைகாசி பிறந்து காற்று எழும்பியதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. நாலு மூலையிலும் நங்கூரம் போட்டால் குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும்போது வீடு சரியுமாம், ஒரு கயிற்றில்தான் விட வேண்டுமாம். திரை போடு என்றேன். "மலை பாக்க வாறவன் திரை பாக்கவா வாறான்?" என்று கேட்கிறான்.

"மலை அங்கால ஈக்கு மகன். இங்கால ஈக்கிறது முனவ்வரா."

"உம்மா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது."

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பது முதலாம் வகுப்பிலேயே முடிந்துவிட்ட பாடம்.

மே 27, செவ்வாய்

முனவ்வராவிடம் போனேன். சொல்லத்தானே வேண்டும். வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"உங்கட மகன்ட வீடு நல்லாத்தான் ஈக்கு ராத்தா. சுத்திச் சுத்தி எங்களயும் எட்டிப் பாக்குது. மணிதான் அடிக்கிறல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தேத்தண்ணீரும் தந்தாள். "நீங்க சொன்னதாலதான் நாங்க பேசாம இருந்தோம்" என்று ஒரு தரம் சொன்னாள். அதற்குப் பிறகு மிளகாய் விலை பேசினோம். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசிவிட்டு வந்திருப்பேன்.

மே 30, வெள்ளி

பள்ளி நிர்வாகத்தில் கேட்டுப் பார்த்தேன். வேலியோடு நின்றுதான் பேசினேன். கம்பனி பள்ளிக்குப் பெயின்ட் அடித்துத் தரப்போகிறதாம். அதனால் பெண்கள் "கொஞ்சம் ஒதுங்கி" குளிக்கலாமாம்.

எங்கே ஒதுங்குவது? கிழக்குத் துறை விட்டால் சேறு, சேறு விட்டால் முதலை. நடுக்குளத்துக்கா போவது? அங்கேதான் வீடு நிற்கிறதே.

ஜூன் 2, திங்கள்

துறையில் ஒருத்தி இல்லை. கல் காய்ந்து கிடக்கிறது.

நஸ்மியா கிணற்றடியில் எனக்கு இரண்டு வாளி நிரப்பி வைத்தாள்.  வாளித் தண்ணீர் தலையில் ஊற்றினால் முதுகுக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

ஜூன் 7, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

மக்கீன் ஹாஜியார் குடும்பத்தோடு வந்து மிதக்கும் வீட்டில் இறங்கியிருக்கிறார். கூட்டாளிகளும் அடுத்த வீட்டில். அவர்களும் காசு போடப்போகிறார்களாம், இன்னும் வீடுகள் வருமாம். றிகாஸ் சந்தோஷத்தில் நிலத்தில் நிற்கவில்லை.

வட்டிலப்பம் கொடுத்தனுப்பினேன். பெருநாள் நாளில் வந்தவர்கள், கோபம் வேறு, விருந்து வேறு. மக்கீனின் மனைவி ஸரீனா நன்றி சொல்ல நேரில் வந்தாள். மென்மையான பிள்ளை.

"சுத்தி எல்லாம் தண்ணி ஆன்டி, ஆனா எறங்க விடுறாங்க இல்ல. ஆழமாம்" என்றாள். "பாக்கப் பாக்க ஆசையா ஈக்கு."

நான் அவளைப் பார்த்தேன். தண்ணீரில் இறங்க ஆசைப்படுகிற பெண்ணை யார்தான் இறங்கவேண்டாம் என்பார்கள்?

"நாளைக்கழிச்சி அஸருக்குப் பொறகு வாங்க மகள்" என்றேன். "நாங்க குளிக்கிற எடம் ஈக்கு. ஆழமில்ல."

ஜூன் 9, திங்கள்

முனவ்வராவையும் மற்றவர்களையும் நானே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். விருந்தாளி வருகிறாள், தனியாக விடக்கூடாது என்றேன். வந்தார்கள். எனக்காக வந்தார்களா, கொழும்புக்காரியைப் பார்க்க வந்தார்களா, தெரியாது.

இறங்கும்போது காற்று இல்லை. மிதக்கும் வீடு மலையைப் பார்த்துக்கொண்டு ஒழுக்கமாக நின்றது. ஸரீனாவுக்கு என் புதுச் சீத்தையைக் கட்டிவிட்டேன். சவர்க்காரம் கொடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரித் தண்ணீரை அடித்து விளையாடினாள். "இத்தன நாளா இத விட்டுட்டா அந்தத் தொட்டிக்குள்ள குளிச்சேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பு இந்தத் துறையில் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மருத மரத்து இலை அசைந்தது. முனவ்வரா என் காதோடு சொன்னாள், "ராத்தா, காத்து எழும்புது."

"தெரியும்" என்றேன்.

ஸரீனா தலையை முழுகி எழுந்து கூந்தலை ஒதுக்கினாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"அது எங்கட வீடுதானே ஆன்டி?"

"ஓம் மகள்."

"இப்பத்தானே அங்கால பாத்துக்கிட்டு நின்டிச்சி."

"இந்த நேரத்துக்கு இங்காலதான் பாக்கும்."

கண்ணாடிக்குப் பின்னால் ஹாஜியாரும் கூட்டாளிகளும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். குளத்தைத்தான் எடுத்தாரோ, எதை எடுத்தாரோ. ஸரீனா கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்துவிட்டாள். நான் அவளுக்கும் வீட்டுக்கும் நடுவில் போய் நின்று என் துப்பட்டியை விரித்துப் பிடித்தேன். முனவ்வராவும் வந்து ஒரு நுனியைப் பிடித்தாள்.

துப்பட்டிக்குள்ளிருந்து ஸரீனா கேட்டாள், "ஒவ்வொரு நாளும் இப்படித்தானா?"

முனவ்வராதான் பதில் சொன்னாள். "ஒவ்வொரு நாளும்தான் மகள். அதனால நாங்க இப்ப வாறல்ல. இன்டைக்கு உங்களுக்காக வந்தோம்."

நான் துப்பட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். 

ஜூன் 10, செவ்வாய். பொசொன் போயா பௌர்ணமி

ஸரீனா அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, என் அறையில்தான் இருக்கிறாள். மக்கீன் ஹாஜியார் காலையிலும் வந்தார், பின்னேரமும் வந்தார். உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவரோடு பேசவேண்டியது அவள்தான், நானில்லை. கதவுக்கு உள்ளேயிருந்து பேசினாள். சத்தம் போடவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவள் சத்தம் போட்டிருக்கலாம் என்று அவருக்கே இருந்திருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

ஹாஜியார் சொல்லி, மிதக்கும் வீடுகளை மோட்டார் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொன்றாக. கற்பாறைக்குப் பின்னால் மூலையில் நிறுத்தப்போகிறார்களாம். அங்கே காற்று வராது, வீடு திரும்பாது. மலையும் தெரியாது.

கூட்டாளிகள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

"வேணுமெண்டுதான் செஞ்சீங்க" என்றான் றிகாஸ்.

"விருந்தாளிக்குச் சவர்க்காரம் குடுத்தது குத்தமா?"

"உம்மா."

"நீ எனக்குத் தந்த வாக்க நான் அவங்களுக்குக் குடுத்தேன். அது பழுதாப் போச்சு. பழுதானத திருத்தாம நான் எப்படி இந்த ஊருல நடக்கிறது?"

தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். கறி போதுமா என்று கேட்கவில்லை. கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டேன். தட்டை நகர்த்தவில்லை.

ஜூன் 21, சனி

பேச்சு இல்லை. ஆனால் கூரை ஓடு மாற்றியிருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

கச்சான் காற்று பேய் மாதிரி வீசுகிறது. வீசட்டும். குளத்தின் நடுவில் இப்போது நீர்க்காகம்தான் இருக்கிறது.

அஸருக்குப் பிறகு துறைக்குப் போனோம். புறப்படும்போது நஸ்மியா சீத்தையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் போய்விடுவாள். தண்ணீரில் இறங்கும்போது என் தோளை நகம் பதியப் பிடித்தாள். முனவ்வரா, "மாத்தளை டவுன் மீன் ஒன்னு வந்திரிக்கி, பாத்துப் புடிங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் எங்களைவிட அதிகமாக நஸ்மியாதான் சத்தம் போட்டாள்.

அப்போது மருத மரத்தடியில் மோட்டார் சைக்கிள் ஹோன் கேட்டது. நிறுத்தி, இன்னொரு தரம்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். றிகாஸ். முகத்தை வயல் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"ஒங்கட மகன்தான் மாமி" என்றாள் நஸ்மியா. "போகச் சொல்லுங்களேன்."

நான் தலைக்கு இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டேன்.

"தலைய அலசிட்டுச் சொல்றேன். நிக்கட்டும்."