இரண்டாவது பட்டன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் காற்றுப் பை பத்து மணிக்குப் பார்சலில் வரும். போன முறை மாதிரி "அப்படி யாரும் இங்க இல்லப்பா" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அது இருந்தால்தான் மெக்கானிக் மதியம் வேலையை ஆரம்பிப்பார். சாவியை மூன்று தடவை என் பையில் போட்டு மூன்று தடவை வெளியே எடுத்துவிட்டேன். கடைசியில் உங்கள் கண்ணாடி டப்பா மேல் வைத்திருக்கிறேன், அவரிடம் கொடுங்கள்.

உங்களைக் கேட்காமல் பதினைந்து வருஷப் பழைய சொகுசுக் காரை வாங்கியது தப்புதான். "அந்தத் தகர டப்பாவுல நான் ஏற மாட்டேன்" என்று நீங்கள் சொல்லிப் பத்து நாளாகிறது. எனக்கு ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை.

இன்று காலை ஸ்டார்ட் செய்து பார்க்க ஏறினேன். கால் பிரேக்கை எட்டவில்லை. யாரோ ஒரு நெட்டை ஆள் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் நாம் இரண்டு பேர்தானே?

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

பி.கு.: டிரைவர் பக்கக் கதவில் இரண்டு பட்டன் இருக்கும். முதலாவதை அமுக்கினால் சீட் என் அளவுக்கு வரும். இரண்டாவதில் உங்கள் அளவை அப்படியே பதிந்து வைத்திருக்கிறேன்.