ஒன்றும் போடாத பாத்தி

2024 பெப்ரவரி 12, திங்கள்

இன்று ஆராய்ச்சிப் பண்ணையில் சோளம் முறித்தோம். இருபத்தொரு வருடமாக அதே நான்கு பாத்திகள். ஒன்றுக்குச் சாணம், ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்கு இரண்டும். முதலாம் பாத்திக்கு மட்டும் ஒன்றுமே போடக் கூடாது. மற்றதையெல்லாம் அதோடு வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். முன்பெல்லாம் ஒன்பது கிலோ தந்த அது, இரண்டு வருடமாகக் கொஞ்சம் ஏறி, இன்று பதினாறு. எங்கள் ஆராய்ச்சி அதிகாரி சிதம்பரநாதன் சார் தராசை மூன்று தடவை பார்த்தார். "மண் தானாத் தேறுது, பிள்ளை!" மே மாதம் ஓய்வுபெறப் போகிற மனுசன், அப்படிச் சிரித்தார்.

நான் சாக்கைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பெப்ரவரி 13

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடமும், மாட்டுக் கொட்டில் கழுவிய தண்ணீரை அந்தப் பாத்தியில்தான் ஊற்றினேன். வாளி வாளியாக. மற்றதெல்லாம் ஆள் உயரம் நிற்க, இது மட்டும் முழங்கால் உயரத்தில் மஞ்சளாக — பார்க்கச் சகிக்கவில்லை. ஊற்றக் கூடாதென்று எனக்கு எங்கே தெரியும்? பொய். தெரியும். பலகையிலேயே எழுதியிருக்கிறது.

பெப்ரவரி 15

ரொட்டியைக் கருக்கிவிட்டேன். வீட்டுக்காரர் ரமேஸிடம் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு இரு. அடுத்த மாசம் வேல நிரந்தரமாகப் போகுது." அவர் சொல்வதும் சரிதான். சரியா?

பெப்ரவரி 20

பஸ்ஸில் இறங்க மறந்து பதுளை டவுன் வரை போய்விட்டேன்.

பெப்ரவரி 23

புதன்கிழமை விவசாயிகள் கூட்டம். ஒன்றும் போடாவிட்டாலும் மண் தேறும் என்று சார் சொல்லப்போகிறார். அண்ணனும் வருகிறான். அரசாங்கம் உரத்தைத் தடைசெய்த அந்த வருடம் அவன் சோளத்தில் கதிரே பிடிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதான். இதை நம்பிச் சாணத்தையும் நிறுத்தினால்? ஐயோ, என்னால முடியல சாமி.

பெப்ரவரி 26

சொல்லிட்டேன். "சார், அந்தப் பாத்திக்கு நான்தாங்க மாட்டுத்தண்ணி ஊத்தினேன். மூணு வருசமா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏன் பிள்ளை?"

"பாவமா இருந்திச்சுங்க."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. கூட்டத்துக்கென்று எழுதிய தாளை எடுத்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

மார்ச் 22

நிரந்தரமாக்கியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. ரமேஸ் இரண்டு நாளாகக் கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

ஏப்ரல் 18

சார் பெயின்ட் டப்பாவை என் கையில் தந்தார். முதலாம் பாத்திப் பலகையில் '21ஆம் வருடம்' என்பதை அழித்து, '1' என்று எழுதச் சொன்னார். "இனி நீர்தான் பிள்ளை, இதைப் பாக்கோணும்."

எழுதினேன். அது மறுபடி இருபத்தொன்று ஆகும்போது எனக்கு ஐம்பத்தேழு வயது.

பிறகு கொட்டிலைக் கழுவி, தண்ணீரை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஊற்றினேன்.