நடுவில் பாட்டு கிடையாது

பிரவுன்ஷ்வைக், 9 ஜனவரி 1838

இன்று ஒத்திகை. பியானோவில் நானும் கூடவே வாத்தியக்குழுவும் வாசிக்கும் என் கான்செர்ட்டோவின் முதல் பகுதி முடிந்ததுமே குழு நடத்துநர் ரென்னர்ட் கோலைக் கீழே வைத்துவிட்டார். இந்த இடத்தில் பாடகி லோமன் ஒரு பாட்டுப் பாடுவாளாம், மீதி இரண்டு பகுதிகள் அதற்குப் பிறகாம். எல்லோருடைய கான்செர்ட்டோவையும் இப்படித்தான் துண்டு போடுகிறார்கள். கேட்பவர்களுக்கு அலுப்புத் தட்டக் கூடாதாம். என்னுடையது ஒரே மூச்சில் போவது, நிறுத்த இடமே இல்லை என்றேன்.

"இடம் இல்லன்னா உண்டாக்கிக்கலாம்மா. ஒரு பொம்பள எழுதினத முழுசா உக்காந்து கேக்க யாருக்குப் பொறுமை இருக்கு?"

வயலின்காரர்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது.

11 ஜனவரி

மேடை கிடைத்ததே பெரிது, விட்டுக்கொடு என்கிறான் அண்ணன். மாட்டேன். என்ன செய்வேன்? தெரியவில்லை. ஆனால் மாட்டேன்.

14 ஜனவரி

வழி கிடைத்துவிட்டது! முதல் பகுதியின் கடைசியில் பியானோவின் இரண்டு கட்டைகளை மாறி மாறித் தட்டும் ஒரு உருட்டைச் சேர்த்தேன். அது ஓயும்வரை யாரும் கை தட்டவும் முடியாது, பாடவும் முடியாது. இரண்டாம் பகுதியைத் தொடங்குவது கொம்பு. உருட்டு ஓயும் முன்பே ஊதிவிடும்படி கொம்புக்காரர் காஸ்பரிடம் ரகசியமாகச் சொன்னேன். கோல் அசையாமல் ஊதினால் வேலை போய்விடும் என்றார். ஊதுவதாகச் சொல்லவில்லை.

18 ஜனவரி

கச்சேரி. முதல் பகுதி முடியும் இடத்தில் ரென்னர்ட் கோலை வைத்தார். லோமன் பாவாடையைப் பிடித்தபடி மேடைப்படியில் ஏறி நின்றாள். நான் உருட்டை நிறுத்தவில்லை. யாரோ கை தட்டத் தொடங்கி அடங்கினார்கள். ரென்னர்ட் முறைத்தார் — முறைக்கட்டும். மணிக்கட்டு எரிந்தது. காஸ்பர் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், மானம் போச்சு, விரல் நிக்கப் போவுது — அப்போது கொம்பு ஒலித்தது. மெதுவாக, சுத்தமாக. பின்னாலேயே வயலின்கள் சேர்ந்தன. ரென்னர்ட் கோலை எடுத்தார். வேறு என்ன செய்வார்?

முழுசாக வாசித்தேன். முழுசாக!

20 ஜனவரி

இனி இந்த ஊரில் எனக்கு மேடை கிடையாதாம். பத்திரிகையில் 'அடக்கமில்லாதவள்' என்று போட்டிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். காஸ்பரை மட்டும் நீக்கவில்லை. அவரைப் போல் ஊத இங்கே ஆளில்லை.

3 மார்ச்

லோமன் வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். கேக்கைத் தின்று, காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்குப் படியிலேயே உக்காந்து கடைசிவரைக்கும் கேட்டேன். வருஷக்கணக்கா என்னை அடுத்தவங்க வாசிப்புக்கு நடுவுல செருகுறாங்க. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு, ஹெட்விக். நடுவுல எவனும் மூக்கை நுழைக்க முடியாதபடி."

ஹாம்பர்கில் மேடை பேசிவிட்டாளாம். முதலில் என் கான்செர்ட்டோ, பிறகு அவள் பாட்டு. அவள் போனதும் வெள்ளைத்தாளை எடுத்து, அவள் பாட்டை எழுத இசைக்கோடு போட உட்கார்ந்தேன்.